ஏரி வீட்டுக்காக ஒரு வாரம்

மகள் மூச்சு விடும் சத்தம் நின்றுபோனதும் ஷெரின் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். நவோமி ஏரியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மூச்சு இழுக்கவில்லை, அவ்வளவுதான். எட்டு வருடமாகக் கேட்டுப் பழகிய அந்தக் கீச்சொலி இல்லாததால், ஏதோ நின்றுவிட்டதாகத் தாய்க்குத் தோன்றிவிட்டது.

"பார்த்தீங்களா மேடம்?" என்றார் தரகர் பூவராகன். "வந்து அரை மணி நேரம்கூட ஆகலை. ஏரியில விட்டிருக்கிற பாசி அப்படி. காத்துல இருக்கிற தூசி, புகை எல்லாத்தையும் இழுத்துத் தின்னுடும். பாப்பாவுக்கு இனிமே மெஷினும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்."

ஷெரின் கணவன் ஆல்வினைப் பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அழுகை வந்தால் அவன் செய்கிற வேலை அது.

செங்கல்பட்டைத் தாண்டி, மூன்று பக்கமும் குன்றுகள் சூழ்ந்த இடத்தில் இருந்தது நீலவாவி. தனியாருக்குச் சொந்தமான ஏரி. கரையைச் சுற்றி வெள்ளை வீடுகள், வீடுகளைச் சுற்றி உயரமான மதில். மதிலுக்கு வெளியே உள்ள காற்றில் நவோமி பெரியவளாக வளர்வது சந்தேகம்தான் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். அதன் பிறகு ஆல்வின் பாளையங்கோட்டையில் இருந்த பூர்வீக வீட்டை விற்றான். பணம் ஒரு வழியாகச் சேர்ந்துவிட்டது. இனி ஒரே ஒரு தடைதான் பாக்கி.

அந்தத் தடையைப் பற்றிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சாருலதா விளக்கினார். வெள்ளைப் பருத்திப் புடவை, காதில் சின்ன முத்து, குரலில் அவசரமே இல்லை.

"வீடு எங்க வேணும்னாலும் கிடைக்கும். நாங்க விக்கிறது அக்கம்பக்கத்தை. இங்க யாரும் யார் கதவையும் தட்ட மாட்டாங்க. சர்க்கரை இருக்கான்னு வந்து நிக்க மாட்டாங்க. முகம் ஏன் வாடியிருக்குன்னு விசாரிக்க மாட்டாங்க. யாருக்காவது முடியலைன்னா அவங்கவங்க வெச்சிருக்கிற ஆள் வந்து பார்ப்பாங்க. நிம்மதின்னா அதுதானே?"

"அப்படிப்பட்டவங்கதான் வர்றாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் ஆல்வின்.

சாருலதா மேசைமேல் இரண்டு வில்லைகளை வைத்தார். நகத்தின் அளவுதான் இருக்கும். "ஒரு வாரம் இதைப் பிடரியில ஒட்டிக்கங்க. நீங்க பேசறது, பார்க்கறது, எதைக் கண்டா நெஞ்சு படபடக்குது, எல்லாத்தையும் இது கத்துக்கும். அப்புறம் கம்ப்யூட்டருக்குள்ள உங்களை மாதிரியே ஒரு ஆளை உண்டாக்கி இதே ஏரிக்கரையில குடிவைப்போம். நிழல்னு சொல்லுவோம். நமக்கு ஒரு பகல் போறதுக்குள்ள அது இருபது வருஷம் வாழ்ந்து முடிச்சுடும். யாருக்கும் தொந்தரவு இல்லாம வாழ்ந்துட்டா சாவி உங்களுக்கு."

"தொந்தரவு பண்ணிட்டா?"

"மறுபடியும் விண்ணப்பிக்க முடியாது."

ஷெரின் மகளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "இவளுக்கும் இதை ஒட்டணுமா?"

"வேண்டாம்மா. குழந்தை உங்களைப் பார்த்துத்தானே வளரப்போகுது. அதைக் கம்ப்யூட்டரே வளர்த்துக்கும்."

திரும்பி வரும்போது காரின் பின்இருக்கையில் இருந்த பூவராகன் முன்னால் சாய்ந்து, ரகசியம் பேசுகிறவர்போல் பேசினார். "நல்லா கேட்டுக்கங்க சார். இங்க கெட்டவங்க யாரும் தோத்ததில்லை. நல்லவங்கதான் தோப்பாங்க. போன மாசம் ஒரு டாக்டர் குடும்பம். அந்தம்மாவோட நிழல் பதினோரு வருஷம் ஒழுங்கா இருந்துச்சு. பன்னிரண்டாவது வருஷம் பக்கத்து வீட்டுல யாரோ அழற சத்தம் கேட்டுச்சாம். போய்க் கதவைத் தட்டிடுச்சு. போச்சு."

"அதுக்கு நாங்க என்ன செய்யறது?"

"வில்லை ஒட்டியிருக்கிற வாரம் மட்டும் யாருக்கும் நல்லது பண்ணாதீங்க. கெட்டதும் பண்ண வேண்டாம். சும்மா இருங்க. கஷ்டமா என்ன?"

ஆல்வின் சிரித்தான். "ஷெரினுக்குக் கஷ்டம்தான். தெரு நாய்க்குக்கூடப் பேர் வெச்சு, பிறந்தநாள் கொண்டாடறவ."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் ஷெரின். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள் வாழ்க்கையில் அது நல்ல நாள்.

பெரம்பூரில் அவர்கள் இருந்த அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் எதிர் வீட்டில் இருந்தவள் வெண்ணிலா. வயது நாற்பத்தைந்து இருக்கும். தனியாக வாழ்ந்தாள். பல ரயில் நிலையங்களில் ஒலிபெருக்கியில் வண்டி வருவதையும் தாமதமாவதையும் அறிவிக்கிற குரல் அவளுடையது. நவோமி அவளைப் படியில் பார்த்துவிட்டால் போதும், "நிலா ஆன்ட்டி, என் ஸ்கூல் வேனுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்பாள். வெண்ணிலாவும் கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "பயணிகளின் கவனத்திற்கு, பெரம்பூர் பள்ளி வேன் வழக்கம்போல் தாமதமாக வரும்" என்று ரயில் நிலையமே திரும்பிப் பார்க்கிற குரலில் அறிவிப்பாள்.

அவளுக்கு வலிப்பு நோய் இருந்தது. எப்போதாவதுதான் வரும். ஆனால் வந்தால் விழுந்துவிடுவாள். கையில் கருவி கட்டிக்கொள்ளச் சொன்னால், "நான் என்ன மாடா, மணி கட்டிக்க?" என்பாள். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. விடியற்காலையில் பால்காரர் வெண்ணிலாவின் கதவுப் பிடியில் மாட்டியிருக்கும் துணிப் பையில் பாலைப் போட்டுவிட்டுப் போவார். ஷெரின் நவோமியைப் பள்ளி வேனுக்கு அழைத்துப்போகும் நேரத்தில் அந்தப் பை உள்ளே போயிருக்க வேண்டும். போகாமல் தொங்கினால் ஷெரின் மணி அடிப்பாள். அவளிடம் ஒரு மாற்றுச் சாவியும் இருந்தது. இரண்டு முறை அந்தச் சாவி வேலை செய்திருக்கிறது. மற்ற நாட்களில், தூங்கிப்போன வெண்ணிலா தலையை மட்டும் நீட்டி, "என்னடி, செத்துட்டேனான்னு பார்க்க வந்தியா? இன்னைக்கு இல்ல, நாளைக்கு வா" என்பாள்.

வில்லையை ஒட்டுவதற்கு முன் ஷெரின் அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வாரத்துக்கு வேறு யாரையாவது பார்க்கச் சொல் என்று ஒரு வார்த்தை. சொல்வதற்காகப் போய்க் கதவுக்கு முன் நிற்கவும் செய்தாள். ஆனால் என்னவென்று சொல்வது? இந்த வாரம் நான் உன்னைக் கவனிக்கப் போவதில்லை, கவனித்தால் எனக்கு வீடு கிடைக்காது என்றா? வெட்கமாக இருந்தது. வெண்ணிலாவுக்கு வலிப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு வாரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று திரும்பிவிட்டாள். பெரிய தீமைகளைச் செய்யத் துணிவு வேண்டும். வெட்கம் இருந்தாலே செய்துவிடக்கூடிய தீமைகளும் உலகத்தில் உண்டு.

வாரம் தொடங்கியது. முதல் நாள் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் பெண் வண்டி கெட்டுப்போனது என்று நின்றபோது, ஷெரின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள். பிடரியில் வில்லை லேசாகச் சுட்டது. அது கற்றுக்கொள்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரிடமும் நின்று பேசவில்லை. வீட்டில் ஜெபம் செய்யும்போது, நோயில் கிடப்பவர்களின் பெயர்களை வழக்கம்போல் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஆண்டவர் கேட்கட்டும், இந்த வில்லை கேட்க வேண்டாம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். நாலைந்து நாள் போனதும் மனத்துக்குள் சொல்வதும் குறைந்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் ஆல்வின்.

"பழகுது," என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.

வாரத்தின் கடைசியில் ஒரு காலை, கதவைத் திறந்ததும் எதிரே பை தொங்கியது. பாலின் பாரத்தில் துணி இழுபட்டு நீண்டிருந்தது.

"அம்மா, பால்," என்றாள் நவோமி.

ஷெரினின் நெஞ்சு அடித்த அடியில் பிடரி கொதித்தது. சாவி உள்ளே ஆணியில் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் போதும். தூங்கிக்கொண்டிருப்பாள். மணி அடித்தால் திட்டுவாள். ஒன்றுமில்லாத ஒன்றுக்காக நவோமியின் காற்றை விட்டுவிடுவதா?

"லிஃப்ட் வந்துடுச்சு, வா."

"அம்மா, நிலா ஆன்ட்டி—"

"வான்னு சொல்றேன்ல."

சாயங்காலம் திரும்பி வந்தபோதும் பை அங்கேயே இருந்தது. பால் திரிந்து நாற்றம் எடுத்திருந்தது. ஆல்வினும் பார்த்திருந்தான். இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவன் பிடரியிலும் வில்லை இருந்ததால் எதையும் பேச முடியவில்லை. "ஊருக்குப் போயிருப்பா," என்று மட்டும் சொன்னான். "ஆமா, அண்ணன் வீட்டுக்கு," என்றாள் ஷெரின். சோறு பரிமாறினாள். மூவரும் சாப்பிட்டார்கள். நவோமிக்கு அன்று மூச்சு அதிகமாக இழுத்தது. மருந்துக் கருவியின் இரைச்சலில் எதிர் வீட்டிலிருந்து எந்தச் சத்தம் வந்திருந்தாலும் கேட்டிருக்காது. அந்த இரைச்சல் ஷெரினுக்கு உதவியாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு, காவலாளி பூட்டை உடைத்து உள்ளே போனார் என்று ஆல்வின் கைப்பேசியில் சொன்னான். உயிர் இருந்தது. சமையலறைத் தரையில் விழுந்து, வலிப்பு விட்டு விட்டு வந்து, ஒரு முழு நாள் அப்படியே கிடந்திருக்கிறாள்.

வில்லையைத் திருப்பிக் கொடுத்த கையோடு ஷெரின் மருத்துவமனைக்குப் போனாள். வெண்ணிலாவின் வலது கை போர்வைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஷெரினைக் கண்டதும் மற்றொரு பக்கம் சிரித்தது.

"நீ... வருவே... தெரியும்," என்றாள். ஒவ்வொரு சொல்லையும் கல்லைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்தாள். "கீழ கிடந்தேன்ல... லிஃப்ட் சத்தம் கேட்டுச்சு. ஷெரின் பார்ப்பா... இப்ப பார்ப்பான்னு... சொல்லிட்டே கிடந்தேன்." மூச்சு வாங்கிவிட்டு, "நீதானே... காவக்காரர்கிட்ட சொன்னே?" என்றாள்.

வெண்ணிலா நல்ல கையால் அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஷெரின் கையை எடுக்கவில்லை. நன்றியை வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு நாள் ஆல்வின் ரயில் நிலையத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் இருந்தான். "இன்னும் அவ குரல்தான் ஓடுது," என்றான். "எவ்வளவு தெளிவா சொல்றா."

நீலவாவியிலிருந்து அழைப்பு வந்தது. சாருலதா இருவருக்கும் இளநீர் கொடுத்து உபசரித்தார். "உங்க நிழல்கள் அருமையா வாழ்ந்து முடிச்சிருக்கு. சமீபத்துல இப்படி ஒரு குடும்பம் வந்ததில்லை. உங்களுக்கு வீடு உறுதி."

ஆல்வின் கண்ணாடியைக் கழற்றினான். ஷெரினோ, அடக்கிவைத்திருந்ததைக் கொட்டிவிட்டாள். "அது நான் இல்லைங்க. நாங்க நடிச்சோம். அந்த வாரம் முழுக்க நடிச்சோம்."

"ஷெரின்," என்று ஆல்வின் பல்லைக் கடித்தான்.

சாருலதா சிரித்தார். "உட்காருங்கம்மா. நடிக்காம இங்க யாரும் வந்ததில்லை. நானும் நடிச்சுத்தான் வந்தேன். நான் வில்லை ஒட்டியிருந்த வாரம் எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார். போகலை." வெயில் அடித்தது, மழை பெய்தது என்பதுபோல அதைச் சொன்னார். "மனசு எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கு. அது எங்களுக்கு வேண்டாம். ஒரு வீட்டுக்காக அந்த மனசை எவ்வளவு தூரம் அடக்குவீங்கன்னுதான் பார்க்கிறோம். எதிர் வீட்டுக் கதவு முன்னாடி உங்க நெஞ்சு என்ன அடி அடிச்சிருக்கு தெரியுமா? அப்படி அடிச்சும் லிஃப்ட்ல ஏறிட்டீங்க. அதுக்குத்தான் உங்களுக்கு இந்த மதிப்பெண்."

ஷெரினுக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. சாருலதா சுவரில் படம் ஓட விட்டார். "இதைப் பாருங்க. உங்க நிழலோட கடைசி வருஷம்."

ஏரியைப் பார்த்த ஒரு வீடு. கூடத்தில் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி தோசை தின்றுகொண்டிருந்தாள். உயரமாக, கன்னம் நிறைந்து, நல்ல நிறத்தோடு இருந்தாள். நவோமி. ஷெரின் தன்னை அறியாமல் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். படத்தில் எங்கோ உள்ளே ஏதோ விழுந்தது. ஒரு குரல், ஷெரினுடைய குரல்தான், வயதாகிக் கரகரத்து, "நவோமி... ஏ நவோமி" என்று கூப்பிட்டது. பெண் நிமிர்ந்தாள். எழுந்து போனாள். குளியலறைக் கதவை மெல்லச் சாத்தினாள், சத்தம் வெளியே போகாதபடி. மணி பார்த்தாள். திரும்பி வந்து மீதித் தோசையைத் தின்றாள்.

"பணிவிடைக்கு ஆள் வர்ற நேரம் அது இல்லை," என்றார் சாருலதா. "நேரத்துக்குத்தான் வருவாங்கன்னு பொண்ணு பொறுமையா இருக்கா பாருங்க. ரெண்டாவது தலைமுறையும் பழகிடுச்சு. இதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது."

கார் நிறுத்துமிடத்தில் ஆல்வின் கோபமும் அழுகையுமாகச் சொன்னான். "வேண்டாம் ஷெரின். விட்டுடுவோம். அது வெறும் கணக்குதான், இருந்தாலும் வேண்டாம்."

"அவ மூச்சைக் கவனிச்சீங்களா?" என்றாள் ஷெரின்.

"என்ன?"

"இருபத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தா. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" அவள் முகம் தெளிந்திருந்தது. "கீழ கிடந்தது நான்தானே. நான் கிடந்துட்டுப் போறேன்."

தாய்மையைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால்தான் அதன் பெயரால் எதை வேண்டுமானாலும் செய்துவிட முடிகிறது. அன்றே கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டைக் காலி செய்யும் நாளில், ஷெரின் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது நவோமி வந்து நின்றாள். எதிர் வீடு பூட்டியிருந்தது. வெண்ணிலாவை அண்ணன் திருச்சிக்கு அழைத்துப் போய்விட்டார்.

"அம்மா, நான் ஒண்ணு செஞ்சேன். திட்ட மாட்டியே?"

"என்ன செஞ்சே?"

"அன்னைக்கு வேன் வர்றதுக்கு முன்னாடி, நீ ஃபோன்ல பேசிட்டு இருந்தப்போ, வாட்ச்மேன் தாத்தாகிட்ட சொன்னேன். நிலா ஆன்ட்டி பால் எடுக்கலை, நேத்துல இருந்து எடுக்கலைன்னு. முந்தின நாள் நீ வான்னு சொன்னியா, அதனால உன்கிட்ட சொல்லலை." அவளுக்குக் கீச்சென்று மூச்சு இழுத்தது. நிறுத்தி மறுபடியும் ஆரம்பித்தாள். "நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்."

ஷெரின் கையில் இருந்த தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குழந்தைக்கு வில்லை ஒட்டவில்லை. இருபது வருடத்தைக் கணக்குப் போட்ட கம்ப்யூட்டருக்கு இந்தப் பெண்ணைத் தெரியவே தெரியாது. சுவரில் தோசை தின்ற பெண் இவள் அல்ல. இவள் கதவைச் சாத்துகிறவள் அல்ல, தட்டுகிறவள். ஒரு கணம் ஷெரினின் நெஞ்சு நிறைந்து போனது. ஆண்டவர் தன்னைக் கைவிட்டாலும் தன் வீட்டைக் கைவிடவில்லை என்று நினைத்தாள். மகளை இழுத்து மடியில் போட்டு உச்சி முகர்ந்தாள்.

அடுத்த கணமே அவளுக்குப் பயம் வந்தது. நீலவாவியில் இவள் என்ன செய்வாள்? போன முதல் மாதத்திலேயே யாராவது அழுவது கேட்டு ஓடுவாள். கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் இருந்த விதிப்படி வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மறுபடியும் இந்தக் காற்று.

நல்லது எது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பிஞ்சு முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மிகுந்த அன்போடுதான் சொன்னாள். "ரொம்ப நல்ல காரியம் செஞ்சே. ஆனா புது வீட்டுல இப்படிச் செய்யக் கூடாதும்மா. யாராவது விழுந்தாலும், அழுதாலும், கூப்பிட்டாலும், நீ போகக் கூடாது. போனா நம்மளை வெளியே அனுப்பிடுவாங்க. உனக்கு மறுபடியும் மூச்சு இழுக்கும். புரியுதா?"

"அப்ப அவங்களை யாரு பார்ப்பாங்க?"

"அதுக்கு ஆள் இருப்பாங்க."

நவோமி யோசித்தாள். "நிலா ஆன்ட்டி மாதிரி யாராவது இருந்தா?"

"அங்க அப்படி யாரும் இருக்க மாட்டாங்க," என்றாள் ஷெரின்.

புது வீட்டுக்குப் போன அன்று ஏரி வெயிலில் பளபளத்தது. ஆல்வின் ஆட்களோடு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். நவோமி வாசல் படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். எதிர் வீட்டுப் பெண், ஷெரின் வயதுதான் இருக்கும், கை நிறையப் பைகளோடு சாலையைக் கடந்து வந்தாள். கால் தடுக்கியது. விழவில்லை. ஆனால் பை ஒன்று கிழிந்து எலுமிச்சம்பழங்கள் சாலை முழுதும் ஓடின. சரிவான சாலை. பழங்கள் உருண்டு நவோமியை நோக்கி வந்தன.

நவோமியின் உடம்பு தானாகக் குனிந்தது. பாதியில் நின்று, பின்னால் வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண் தலை நிமிராமல் தன் காலடியில் கிடந்தவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் வர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சுற்றிலும் இருந்த வெள்ளை வீடுகளில் ஒரு ஜன்னல்கூட அசையவில்லை. ஷெரின் ஒருமுறை தலையை அசைத்திருந்தால் போதும். ஒரு எலுமிச்சம்பழத்துக்காக யாரும் வீட்டைப் பிடுங்கிவிட மாட்டார்கள். அவள் அசைக்கவில்லை.

ஒரு பழம் படிக்கட்டு வரை வந்தது. நவோமி நிமிர்ந்தாள். அது தன் பாதத்தில் பட இருந்த நேரத்தில் காலை எடுத்து மேல்படியில் வைத்துக்கொண்டாள். பழம் படியில் மோதி, திரும்பி, சரிவில் இறங்கிப் போய் ஏரிக்குள் விழுந்தது.

சிறுமி ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். யாருக்கும் கேட்காதபடி, மெதுவாகக் கேட்டாள்.

"சரியாச் செஞ்சேனாம்மா?"

ஷெரின் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "ரொம்பச் சரியாச் செஞ்சே, தங்கம்," என்றாள்.